கொள்ளிடத்தில் இன்னும் எவ்வளவு அள்ளலாம்?

ஒரு மணல் குவாரியை விரிவாக்கக் கருத்துரு தயாராகும்போது அதன் முதல் கணக்கு பெரும்பாலும் ஒரு பெருக்கலாகவே இருக்கிறது. இத்தனை ஹெக்டேர் பரப்பு, இத்தனை மீட்டர் ஆழம், ஆகவே இத்தனை கன மீட்டர் மணல். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு எடுத்தால் பத்தாயிரம் கன மீட்டர் கிடைக்கும். லாரிக்காரர்கள் பேசும் நூறு கன அடி யூனிட்டாக மாற்றினால் அது ஏறத்தாழ 3,500 யூனிட். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் ஆற்றில் எவ்வளவு மணல் கிடக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆண்டுக்கு எவ்வளவு மணல் வந்து சேர்கிறது என்பதுதான் விரிவாக்கத்தைத் தீர்மானிக்க வேண்டிய கணக்கு. தமிழ்நாட்டில் அந்த இரண்டாவது கணக்கு நேர்மையாகப் போடப்பட வேண்டிய முதல் இடம் கொள்ளிடம். அப்படிப் போட்டால் கொள்ளிடத்தின் படுகைக்குள் விரிவாக்கத்துக்கு இடமே இராது என்பதும், கட்டுமானத்துக்கு வேண்டிய கூடுதல் மணலை வேறு இடங்களில் தேடித் திட்டமிட வேண்டியிருக்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கொள்ளிடம் முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து, ஸ்ரீரங்கத்துக்கு வடபுறமாக ஓடி, திருச்சி, அரியலூர், தஞ்சாவூர், கடலூர், மயிலாடுதுறை மாவட்டங்களைத் தொட்டுச் சென்று பழையாறு அருகே கடலில் கலக்கிறது. காவிரியைப் போல ஆண்டுதோறும் முறைவைத்துத் தண்ணீர் விடப்படும் ஆறு அன்று இது. உபரி வெள்ளத்தை இறக்கிவிடுவதற்கான வடிகால். அதனால் ஆண்டின் பெரும்பகுதி அகன்ற வெண்மணல் வெளியாகவே கிடக்கிறது. பார்ப்பவருக்கு அது அள்ளக் குறையாத இருப்பாகத் தெரியும். குறுமணல், பருமணல், அடியில் கூழாங்கல் என்று பல தரத்தில் கிடைப்பதால் கட்டுமானத் தொழிலுக்கு இதைவிட வசதியான மூலம் இல்லை. பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் ஒரே படுகையிலிருந்து எடுக்கலாம், சலிக்கும் வேலையும் குறைவு. பக்கத்திலேயே நெடுஞ்சாலை இருக்கிறது, சென்னை வரை தேவை இருக்கிறது. அரை நூற்றாண்டாக இந்த ஆற்றின் மேல் விழுந்த சுமைக்கு இந்த வசதியே காரணம்.

இந்த ஆற்றில் படுகையின் மட்டம் ஓரடி கூடினாலும் குறைந்தாலும் என்ன நடக்கும் என்பதற்கு இருநூறு ஆண்டு வரலாறு சான்றாக இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பு மண்மேடிட்டது. கொள்ளிடமோ தாழ்ந்துகொண்டே போனது. தண்ணீர் தாழ்ந்த பக்கமே போகும் என்பதால் டெல்டாவுக்குச் சேர வேண்டிய நீர் வீணே கடலுக்கு ஓடியது. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836க்கும் 1838க்கும் இடையில் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். கட்டியபின் காவிரிப் பக்கம் ஆழமாகத் தொடங்கவே, அங்கும் தடுப்பு அமைக்க வேண்டியதாயிற்று. தஞ்சைப் பாசனம் முழுவதும் இரண்டு படுகைகளின் ஒப்பு உயரத்தின் மேல் நிற்கிறது என்பதை அன்றைய பொறியாளர்கள் விளைவைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். வாய்க்கால் தலைப்பு மதகுகள் அன்றைய படுகை மட்டத்தை வைத்தே அமைந்தன. படுகை இறங்கினால் ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தாலும் மதகுக்கு எட்டாது. இப்படிப்பட்ட ஓர் ஆற்றில் மணலைக் கட்டுமானப் பொருளாக மட்டும் எண்ணி அளப்பது, பாசன அமைப்பின் ஓர் உறுப்பைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவதாகும்.

இனி வரவைப் பார்ப்போம். மேலணை கட்டிய காலத்தில் காவிரியின் மேற்பகுதியில் பெரிய அணை ஒன்றும் இல்லை. குடகிலிருந்தும் மைசூர்ப் பீடபூமியிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வெள்ளம் கொண்டுவந்த மணல் தடையின்றிச் சமவெளிக்கு இறங்கியது. இன்று கிருஷ்ணராஜசாகரும் கபினியும் ஹேமாவதியும் கர்நாடகத்தில் நிற்கின்றன. 1934இல் முடிந்த மேட்டூர், 1955இல் முடிந்த பவானிசாகர், அமராவதி ஆகியவை இந்தப் பக்கம் நிற்கின்றன. நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் வெள்ளம் வேகம் இழந்தவுடன் முதலில் கீழே போடுவது பருமணலைத்தான். வண்டலில் ஒரு பகுதி மதகு வழியே வெளியேறினாலும் மணல் வெளியேறுவது அரிது. மேட்டூருக்குக் கீழே அணையால் மறிக்கப்படாத சிற்றாறுகளும் காட்டாறுகளும் கொண்டுவருவதும், ஆறு தன் கரையையும் படுகையையும் அரித்து எடுப்பதும் மட்டுமே இன்றைய வரவு. அதுவும் வெள்ளம் வந்தால்தான். 2013 ஆகஸ்டுக்குப் பிறகு மேட்டூர் தன் முழு மட்டமான 120 அடியை எட்டியது 2018 ஜூலையில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் கொள்ளிடத்தில் மணலை உருட்டிச் செல்லும் அளவு வெள்ளம் வரவில்லை. ஆனால் மணல் எடுப்பு நிற்கவுமில்லை. வரவு வெள்ள ஆண்டில் மட்டும், செலவு நாள்தோறும் என்றிருக்கும் ஆற்றில் ‘ஆண்டுச் சராசரி மீள்சேர்க்கை’ என்று ஓர் எண்ணைப் போட்டு, அதை ஒவ்வோர் ஆண்டும் எடுக்கலாம் என்று அனுமதிப்பது, வெள்ளமில்லாத ஆண்டுகளில் முழுக்க முழுக்க இருப்பிலிருந்து எடுப்பதற்கான அனுமதி.

அந்த இருப்பு சும்மா கிடப்பதில்லை. மணற்படுகை ஒரு நீர்த்தேக்கம். மணல் துகள்களுக்கு இடையே உள்ள வெளி நீரால் நிரம்பும். நீர்மட்டம் இறங்கும்போது மொத்தக் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை நீராக வெளியே வரும். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் நிறைமணல் அடுக்கை எடுத்தால் 20 முதல் 25 இலட்சம் லிட்டர் நீரைத் தாங்கும் இடம் போகிறது. பத்து ஹெக்டேர் குவாரி என்றால் இரண்டு கோடி லிட்டருக்குக் குறையாது. ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் 55 லிட்டர் அளவுகோலின்படி இது ஆயிரம் பேருக்கு ஓராண்டுக்கான தண்ணீர். ஒவ்வொரு வெள்ளத்திலும் புதிதாக நிரம்பக்கூடிய கொள்ளளவு என்பதால் இழப்பும் ஆண்டுதோறும் தொடரும். திருச்சி மாநகரின் நீர் சேகரிப்புக் கிணறுகளும், இராமநாதபுரம் வரை நீளும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டமும், கரையோர ஊர்களின் ஆழ்குழாய்களும் இந்தப் படுகையைத்தான் நம்பியிருக்கின்றன. குவாரியிலிருந்து அரசுக்குக் கிடைக்கும் வருவாய் யூனிட்டுக்கு இவ்வளவு என்று பதிவாகிறது. அதே யூனிட் மணல் தாங்கியிருந்த தண்ணீருக்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை.

மணலை எடுத்த குழியிலும் தண்ணீர் நிற்குமே, மணல் இருந்தபோது ஐந்தில் ஒரு பங்கு என்றால் குழியில் முழுப் பங்கும் நீர்தானே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கன அளவு மட்டும் கணக்கென்றால் குழியே மேல். ஆனால் திறந்த குழி நீர் வெயிலில் ஆவியாகிறது. மணலுக்கு அடியில் இரண்டடி இறங்கிய நீரை வெயில் அவ்வளவு எளிதில் எட்டுவதில்லை. குழி நீரில் பாசி பிடிக்கிறது, கழிவு கலக்கிறது. மணல் வழியே வரும் நீர் வடிகட்டப்பட்டு வருகிறது. இவை இரண்டையும் விடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. படுகை தாழ்ந்தால் அதுவே சுற்றுவட்டாரத்தின் வடிகால் மட்டமாகிவிடுகிறது. கரைக்கு அப்பால் உள்ள தோட்டங்களின் நிலத்தடி நீர் முன்பிருந்த மட்டத்தில் நிற்காமல் ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. முன்பு ஆறு கிணறுகளுக்கு நீர் ஊட்டியது. பிறகு கிணறுகளின் நீரை ஆறு இழுக்கிறது. குழியில் தெரியும் நீரில் ஒரு பகுதி அப்படி வந்ததுதான். கடலுக்கு அருகே இந்தச் சரிவு வேறு வடிவம் எடுக்கிறது. படுகை கடல் மட்டத்துக்குக் கீழே போன இடம் வரை ஓதம் உள்ளே வருகிறது, கரையோர நீர் உப்பாகிறது. கீழ்க்கொள்ளிடத்தில் ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே அரசு கதவணை கட்டும் திட்டத்தின் நோக்கங்களில் கடல்நீர் ஏறுவதைத் தடுப்பதும் ஒன்று. அரசின் ஒரு துறை மணலை விற்று ஈட்டியதை, பிறகு அதே ஆற்றில் உப்பைத் தடுக்கச் செலவிட வேண்டி வருகிறது என்றால், அந்தச் செலவை மணலின் விலையில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கலிஃபோர்னியப் புவியியலாளர் மத்தியாஸ் கோண்டால்ஃப் 1997இல் எழுதிய, இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படும் கட்டுரை ஒன்றில், அணைக்குக் கீழே மணலின்றி வரும் வெள்ளத்தைப் பசித்த நீர் என்று அழைத்தார். சுமை இல்லாத நீர் தன் ஆற்றல் முழுவதையும் படுகையையும் கரையையும் அரிப்பதில் செலவிடும். அதே ஆற்றில் குழியும் தோண்டினால் குழியின் மேல்விளிம்பு செங்குத்தாக நிற்கும். வெள்ளம் வந்ததும் அந்த விளிம்பு இடிந்து இடிந்து ஆற்றின் மேற்பகுதி நோக்கி நகரும். குழிக்குள் விழுந்த மணலை இழந்த நீர், கீழ்ப்பகுதியையும் அரிக்கும். ஆகவே தோண்டிய இடத்தின் விளைவு தோண்டிய இடத்தோடு நிற்பதில்லை. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தபோது திருச்சியில் 1928இல் கட்டிய கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. சில நாள் கழித்து, ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. மணல் கொள்ளையே காரணம் என்றனர் விவசாயச் சங்கத்தினர், அரசு மறுத்தது. கிட்டத்தட்ட 180 வயதான கட்டுமானம், அதன் மேல் வந்த பெருவெள்ளம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு மணலை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. ஆயினும் தூணின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள மணல்தான் அதன் பிடிமானம் என்பது பொறியியலின் பாலபாடம். போர்ச்சுகலில் தோரோ ஆற்றின் மேலிருந்த ஹின்ட்ஸ் ரிபெய்ரோ பாலம் 2001 மார்ச்சில் இடிந்து 59 பேர் இறந்தபோது, ஆண்டுக்கணக்கான மணல் எடுப்பால் தூணடி வெறுமையானது அதற்கு ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், பாலம், குடிநீர்த் தலைமை நிலையம் போன்றவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் மணல் எடுக்கக் கூடாது என்று சொல்வதும் இந்த அச்சத்தால்தான். ஆனால் விளிம்பு நகரும் ஆற்றில் நிலையான 500 மீட்டர் என்பது காலப்போக்கில் தேய்ந்துபோகும் பாதுகாப்பு.

சட்டம் இந்த உண்மையை மெல்ல மெல்லத்தான் எட்டிப் பிடித்தது. தமிழ்நாட்டில் 2003 அக்டோபரில் தனியார் குத்தகை முறையை நிறுத்தி, ஆற்றுமணலை எடுக்கும் உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. பொதுப்பணித் துறை குவாரிகளை நடத்தியது. குத்தகை முறையின் சீர்கேடுகளுக்கு மருந்தாக வந்த ஏற்பாடு அது. என்றாலும் அனுமதி கேட்பவரும் ஆற்றைக் காக்க வேண்டியவரும் ஒருவரே ஆகிவிட்ட சிக்கலை அது கொண்டுவந்தது. அரியானா மணல், கூழாங்கல் குத்தகைகள் தொடர்பான தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான துண்டுகளாக வெட்டிச் சுற்றுச்சூழல் அனுமதியிலிருந்து தப்பும் வழியை அது அடைத்தது. அதன் பின்னர் 2016இல் வந்த அறிவிக்கை மாவட்ட அளவாய்வு அறிக்கையைக் கட்டாயமாக்கியதோடு, சிறு குவாரிகளுக்கு மாவட்ட அளவிலேயே அனுமதி வழங்கும் எளிய வழியையும் திறந்தது. 5 முதல் 25 ஹெக்டேர் வரையிலானவற்றுக்குத் தாக்க மதிப்பீட்டிலிருந்தும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்தும் விலக்களித்தது தீபக் குமார் தீர்ப்புக்கு முரண் என்று 2018இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. 2020இல் மத்திய அரசின் கண்காணிப்பு வழிகாட்டுதல்கள் மீள்சேர்க்கை ஆய்வை விரித்துரைத்தன. 2025 ஆகஸ்டில், ஸ்ரீநகர் வட்டச்சாலைக்காக ஓர் ஓடையில் மணல் எடுப்பது தொடர்பான வழக்கில், மீள்சேர்க்கை ஆய்வு இல்லாத மாவட்ட அறிக்கை ஏற்கத்தக்கதன்று என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆக, வரவு தெரியாமல் செலவுக்கு அனுமதி கூடாது என்பது இன்று சட்டம். இனி எழும் கேள்வி, அந்த வரவை எப்படி அளக்கிறோம் என்பது.

இங்கேதான் மிக எளிதாக ஏமாறக்கூடிய இடம் இருக்கிறது. மழைக்கு முன்பு குவாரிக் குழியின் மட்டத்தை எடுக்கிறார்கள், மழைக்குப் பின்பு அதே இடத்தில் மறுபடி எடுக்கிறார்கள், குழி நிரம்பியிருக்கிறது, ஆகவே மணல் மீண்டும் சேர்ந்துவிட்டது என்று அறிக்கை எழுதுகிறார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு பல குழிகள் மறைந்துபோனது உண்மை. ஆனால் குழியை நிரப்பிய மணல் எங்கிருந்து வந்தது? ஆற்றின் மேற்பகுதியில் இருந்த படுகையிலிருந்தும் கரையிலிருந்தும் வந்தது. பள்ளத்து வயலில் வரப்பை வெட்டினால் மேட்டு வயலின் தண்ணீர் வந்து நிறைவதைப் பார்த்து ஊருக்குள் தண்ணீர் பெருகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. குழி நிறைவது மணல் இடம் மாறியதைத்தான் காட்டுகிறது. ஆற்றின் ஒரு நீளம் முழுவதையும், ஓர் அணைக்கட்டிலிருந்து அடுத்த அணைக்கட்டு வரை, குறுக்குவெட்டுகளாக அளந்து மொத்தத்தை ஒப்பிட்டால்தான் உண்மையான வரவு செலவு தெரியும். மேலணைக்கும் அணைக்கரையில் உள்ள கீழணைக்கும் இடைப்பட்ட கொள்ளிடம் அப்படி அளப்பதற்கென்றே இரண்டு பக்கமும் கல்லால் மூடிய ஒரு பெட்டி போல் அமைந்திருக்கிறது.

அளவையின் துல்லியமும் சாதாரண விஷயமன்று. பத்துக் கிலோமீட்டர் நீளம், 500 மீட்டர் அகலம் உள்ள ஒரு பகுதியில் மட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் தவறாக எடுத்தால் ஐந்து இலட்சம் கன மீட்டர் பிழை வரும். யூனிட்டில் ஏறத்தாழ 1,76,000. மூன்று யூனிட் லாரியில் ஏற்றினால் 59,000 நடை. டிரோனில் எடுக்கும் படத்திலிருந்து மட்டம் கணிக்கும்போது, தரையில் போதிய நிலைக்குறிகள் இல்லாவிட்டால் இந்த அளவு பிழை வெகு எளிதாக வரும். தண்ணீர் நிற்கும் பள்ளங்களின் அடியை டிரோன் படம் காட்டுவதுமில்லை. ஒலி அலைக் கருவியோ கோலோ வேண்டும். பிழை மேல்நோக்கியும் இருக்கலாம், கீழ்நோக்கியும் இருக்கலாம். பிழையின் அளவே கோரப்படும் அளவுக்குச் சமமாக இருக்கும்போது, அனுமதியை ஆற்றுக்குச் சாதகமான பக்கத்தில் வைப்பதுதான் முறை. பாலத்துக்குச் சுமை கணக்கிடும் பொறியாளர் அப்படித்தான் செய்கிறார்.

இன்னொரு குறை வரைபடத்தில் இருக்கிறது. அளவாய்வு அறிக்கை மாவட்ட வாரியாகத் தயாராகிறது. கொள்ளிடமோ தஞ்சாவூருக்கும் அரியலூருக்கும் இடையே எல்லையாக ஓடுகிறது. கீழே போனால் மயிலாடுதுறைக்கும் கடலூருக்கும் எல்லை. ஒரே படுகையின் தென்பாதிக்கு ஓர் அறிக்கை, வடபாதிக்கு வேறோர் அறிக்கை. தென்கரை மாவட்டம் தன் பாதியில் சேரும் மணலைத் தன் வரவாகக் காட்டும். வடகரை மாவட்டமும் அப்படியே காட்டும். ஒரு வெள்ளத்தில் வடபக்கம் இருந்த மணல்திட்டு அடுத்த வெள்ளத்தில் தென்பக்கம் போகும் ஆற்றில், இரண்டு கணக்கிலும் ஒரே மணல் வரவாகப் பதிவதைத் தடுக்க ஏற்பாடு எதுவுமில்லை. ஒன்றையொன்று 500 மீட்டருக்குள் ஒட்டிய குவாரிகளை ஒரே தொகுப்பாகக் கருத வேண்டும் என்ற விதியும் ஆற்றுக்குப் போதாது. 600 மீட்டர் தள்ளி வைத்த குவாரியும் அதே மணலைத்தான் எடுக்கிறது. விரிவாக்க விண்ணப்பத்தைச் சர்வே எண்ணை வைத்துப் பரிசீலிக்கும் வரை இந்தக் கோளாறு தீராது.

எதிர்வாதங்களில் வலுவானது வெள்ளத்தைப் பற்றியது. கொள்ளிடத்தில் மணல்திட்டுகள் மேடிட்டுச் சீமைக்கருவேலமும் நாணலும் மண்டிக் கிடக்கின்றன. வெள்ளம் கரையை மோதுகிறது. மணலை எடுப்பதே ஆற்றைச் சீர்செய்வது என்கிறார்கள். கரையோர மக்களில் பலரும் இதை நம்புகிறார்கள், அவர்கள் பட்ட வெள்ளச் சேதம் அப்படி நினைக்க வைக்கிறது. ஆனால் திட்டு ஏன் மேடானது என்று பார்க்க வேண்டும். ஆற்றின் ஓடுபாதை ஆழமானதும் சிறு வெள்ளங்கள் அதற்குள்ளேயே அடங்கிப் போகின்றன. பக்கத்துத் திட்டின் மேல் ஏறுவதில்லை. முன்பு ஆண்டுதோறும் வெள்ளம் பெயர்த்தெடுத்த செடிகள் இப்போது வேரூன்றி மரமாகின்றன. மரம் வந்த திட்டு மேலும் வண்டலைப் பிடிக்கிறது. மேடு தெரிவதற்குப் பெரும்பங்கு காரணம் பக்கத்தில் விழுந்த பள்ளம். மரங்களை அகற்றித் திட்டைக் கலைத்து அந்த மணலைப் பள்ளத்திலேயே பரப்பினால் வெள்ளவழி கிடைக்கும், மணலும் ஆற்றைவிட்டுப் போகாது. சில இடங்களில் உண்மையாகவே வெளியேற்ற வேண்டிய மணல் இருக்கலாம்; கதவணைகளுக்கு மேற்புறம் தேங்குவது அப்படிப்பட்டது. அதை வெள்ளத் தடுப்பு வேலையாக, அளவு வரையறுத்து, முடிந்ததும் மூடிவிடும் பணியாகச் செய்யலாம். வெள்ளத் தடுப்பின் பெயரில் நிலையான குவாரி நடத்துவது வேறு.

அடுத்தது தேவையைப் பற்றியது. வீடு கட்டுவோர் என்ன செய்வார்கள்? குவாரியை மூடினால் விலை ஏறும், திருட்டு மணல் பெருகும், அரசுக்கு வர வேண்டிய பணம் வேறு கைகளுக்குப் போகும். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மலேசியாவிலிருந்து வந்திறங்கிய மணல் தொடர்பான வழக்கில், மாநிலத்தின் எல்லா மணல் குவாரிகளையும் ஆறு மாதத்துக்குள் மூட உத்தரவிட்டது. மாற்று ஏற்பாடு தயாராக இல்லாத நிலையில் அந்த உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அனுமதித்த குவாரி இருந்தால் திருட்டு குறையும் என்ற எதிர்நம்பிக்கைக்கும் அனுபவத்தில் ஆதாரம் போதாது. அனுமதித்த குவாரியும் அதன் நடைச்சீட்டும் அதன் யார்டும்தான் அனுமதியில்லாத மணலுக்கு மறைப்பாகப் பயன்படுகின்றன என்பது பல வழக்குகளில் எழுந்த குற்றச்சாட்டு. பதிவேட்டில் உள்ள அளவுக்கும் தோண்டப்பட்ட அளவுக்கும் உள்ள வேறுபாடு பற்றிய சர்ச்சை, மாவட்ட ஆட்சியர்கள் அமலாக்கத் துறை முன் ஆஜராக வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லும் வரை போனது. அந்த வழக்குகளின் முடிவு எதுவானாலும், வெளியே போகும் அளவைச் சுயேச்சையாக அளக்க ஏற்பாடு இல்லாத இடத்தில் விரிவாக்கம் என்பது பெயரளவில்தான் ஓர் எண்ணிக்கை.

தேவைக்கான விடை, பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன் என்றாலும் அதை நிபந்தனையோடுதான் சொல்ல வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 383 தரக்குறியீடு 2016 திருத்தத்தில் உடைகல் மணலைக் கான்கிரீட்டுக்கு ஏற்கிறது. தமிழ்நாடு அரசும் 2023இல் எம்-சாண்டுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. மேஸ்திரிகளிடம் இன்னும் இருக்கும் அவநம்பிக்கைக்குக் காரணம், கிரஷரில் விழும் தூளை எம்-சாண்ட் என்று விற்கும் வழக்கம். செங்குத்துத் தண்டு மோதல் இயந்திரத்தில் வடிவம் கொடுத்து, கழுவி, தரம் பிரித்த மணலும், ஜல்லி உடைத்தபோது மிஞ்சிய தூளும் ஒரே விலைச்சீட்டில் போகும் வரை அவநம்பிக்கை நியாயமானதே. நுண்தூள் இயற்கை மணலில் 3 விழுக்காட்டுக்கு மேல் கூடாதென்று வைத்த தரக்குறியீடு, உடைகல் மணலில் 15 வரை அனுமதிக்கிறது. அந்த எல்லையையும் தாண்டினால் கலவைக்குத் தண்ணீர் கூடும், உறுதி குறையும். ஆலை வாசலில் சோதனைச் சான்று இல்லாமல் லோடு வெளியேறக் கூடாது என்ற ஒரே விதியைக் கண்டிப்பாக நடத்தினால் இதைச் சரிசெய்யலாம். மலையை உடைப்பதைப் பற்றிய கவலைக்கு அவ்வளவு சுருக்கமான விடை இல்லை. 2022 மே மாதம் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் மாண்டது, படிக்கட்டு முறையில் வெட்டாத ஆழக் குவாரிகளின் அபாயத்தை எல்லோருக்கும் காட்டியது. தூசியும் வெடியும் அருகிலுள்ள ஊர்களை வாட்டுகின்றன. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. பாறைக் குவாரியின் சேதம் பெரும்பாலும் அதன் சுற்றுவட்டத்துக்குள் நிற்கிறது. எல்லை போட்டு, மட்டம் பார்த்து, பொறுப்பாளரைப் பிடிக்க முடியும். ஆற்றுப் படுகையின் சேதம் நூறு கிலோமீட்டர் தாண்டி, மணலைக் கண்ணால் காணாதவரின் குடிநீரில் போய் முடிகிறது.

எம்-சாண்ட் மட்டுமே வழி என்பதும் இல்லை. கொள்ளிடத்துக்கு வராமல் நின்றுபோன மணல் நீர்த்தேக்கங்களின் தலைப்பகுதிகளில் கிடக்கிறது. மேட்டூர் கட்டியபின் முதன்முறையாக 2017இல்தான் தூர்வாரும் பணி தொடங்கியது. அப்போது எடுத்தது விவசாயிகள் வயலுக்குக் கொண்டுபோன வண்டல். அணைக்கட்டின் அருகே வண்டலும், ஆறு தேக்கத்துக்குள் நுழையும் இடத்தில் மணலும் படிவது இயல்பு என்பதால் எங்கே என்ன கிடக்கிறது என்று துளையிட்டுப் பார்த்தால், மணலும் கிடைக்கும், கொள்ளளவும் மீளும். செலவு கூடுதல்தான், ஆயினும் அந்தச் செலவோடு அணையின் மீண்ட கொள்ளளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடித்த கட்டடங்களின் கழிவை உடைத்துப் பயன்படுத்த 2016இலேயே விதிகள் வந்தன. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலைகள் உள்ளன. மணலை ஆற்றுக்கு வெளியே எடுப்பது பற்றி வெளிநாட்டு முன்மாதிரியும் உண்டு. கலிஃபோர்னியாவின் யோலோ மாவட்டத்தில், பல பத்தாண்டுக் கூழாங்கல் எடுப்பால் தாழ்ந்துபோன கேஷ் ஓடைக்கு 1996இல் திட்டம் வகுத்தார்கள். வணிக நோக்கில் ஓடைப் படுகையில் எடுப்பதை நிறுத்தினார்கள். பக்கத்து வெள்ளச் சமவெளியில் தோண்ட நிறுவனங்களுக்கு நீண்டகால அனுமதி கொடுத்தார்கள். எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் கட்டணம் வாங்கி ஓடையை ஆண்டுதோறும் அளக்கவும் சீரமைக்கவும் செலவிட்டார்கள். கொள்ளிடத்தின் இருகரையும் வாழையும் நெல்லும் விளையும் படுகை நிலம் என்பதால் அந்த ஏற்பாட்டை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது, கூடாது. எடுப்பவரின் பணத்தில் ஆறு ஆண்டுதோறும் அளக்கப்படுகிறது என்ற அம்சம் மட்டும் இங்கேயும் பொருந்தும். 2001இல் கேரளம் இயற்றிய ஆற்றங்கரைப் பாதுகாப்புச் சட்டத்தில் மணல் தணிக்கை என்று ஒன்று இடம்பெற்றிருப்பதும் நம் விதிகளுக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது.

மாட்டுவண்டித் தொழிலாளிகளை இந்தக் கணக்கில் பொக்லைனோடு ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. கரையோர ஊர்களில் வண்டி மணலை நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கெனத் தனிக் குவாரி ஒதுக்கும் வழக்கமும் இருக்கிறது. மண்வெட்டியால் அள்ளி வண்டியில் ஏற்றும் அளவு, ஒரு பொக்லைன் ஒரு நாளில் எடுப்பதோடு ஒப்பிட முடியாதது. நீர்மட்டத்துக்குக் கீழே அவர்களால் தோண்டவும் முடியாது. படுகையில் எடுக்கத்தக்க சிறு உபரி ஏதேனும் இருப்பதாக அளவை காட்டினால் முதல் உரிமை அவர்களுடையது, உள்ளூர் வீட்டு வேலைக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. லாரி உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் ஆற்றுமணலும் எம்-சாண்டும் ஒன்றுதான். ஏற்றும் இடம் மாறுகிறது, தொழில் மாறவில்லை.

ஆகவே கொள்ளிடத்தில் புதிதாகவோ கூடுதலாகவோ குவாரி கேட்டு ஒரு கருத்துரு வந்தால், மாநில மதிப்பீட்டுக் குழு அதனிடம் முதலில் கேட்க வேண்டியவை சில. மேலணை முதல் கீழணை வரையிலான குறுக்குவெட்டு அளவைகள், குறைந்தது ஒரு வெள்ள ஆண்டையும் ஒரு வறண்ட ஆண்டையும் உள்ளடக்கியவை, இருக்கின்றனவா? அவை குவாரியை நடத்தும் துறையிடமிருந்து வராமல் ஆற்றில் வருவாய் ஈட்டாத ஓர் அமைப்பிடமிருந்து வந்தவையா? இருகரை மாவட்டங்களும் ஒரே கணக்கில் கையொப்பமிட்டிருக்கின்றனவா? ஏற்கெனவே தாழ்ந்த மட்டத்தை மீட்க ஆற்றுக்கு எவ்வளவு மணல் தேவை என்று சொல்லியிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி நம் வழிகாட்டுதல்கள் எவற்றிலும் போதிய அழுத்தத்தோடு இல்லை. ஆண்டு வரவில் இத்தனை விழுக்காடு எடுக்கலாம் என்பது, ஆறு இன்று நல்ல நிலையில் இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. பல அடி இறங்கிவிட்ட படுகைக்கு வருகிற மணலில் முதல் பங்கு அதன் பழைய கடனுக்கே போக வேண்டும். மதகு வாயிலின் அடிமட்டம், குடிநீர்க் கிணறுகளின் கோடைநீர்மட்டம், பாலத்தூண்களின் அடித்தளத் தலைப்பு ஆகிய மூன்றையும் குறியாக வைத்து, படுகை அந்த மட்டங்களுக்குத் திரும்பும் வரை கொள்ளிடத்தில் எடுக்கத்தக்க அளவு சுழியம் என்று அறிவிக்கலாம். இந்த அளவைகளுக்கான ஏட்டை ஊராட்சி அலுவலகத்திலேயே வைத்து, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பே தமிழில் கொடுத்தால், தன் கிணற்றின் மட்டத்தை எந்த அதிகாரியையும்விட நன்றாக அறிந்த விவசாயி அதைச் சரிபார்த்துச் சொல்வார்.